வீட்டு எலிவேஷன் படத்துக்கு வெயில் ஏற்றுவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலையில், அருப்புக்கோட்டையில் அக்கா கட்டிய புது வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கிருகப்பிரவேச ஹோமம் நடந்துகொண்டிருந்தது. புகை தாங்காமல் வெளியே வந்த அக்கா, முன்சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல காட்டுனது இந்தக் கலர் தானாடா?" என்று கேட்டாள். நான் காட்டியது இளம் சந்தன நிறம். மாலை வெயிலில் பொன் போல இருந்தது. எதிரே நின்ற சுவரோ லேசாகப் பாசி பிடித்தது போல, பச்சை கலந்த மங்கல் மஞ்சளாக இருந்தது. மச்சானுக்குப் பெயின்டர் மேல் சந்தேகம். பெயின்டர் டப்பாவையே கொண்டுவந்து காட்டிவிட்டார். ஷேடு கார்டில் நாங்கள் டிக் செய்த அதே எண். ஆக, தப்பு டப்பாவில் இல்லை, நான் செய்த படத்தில் இருந்தது.

அது வடக்குப் பார்த்த வீடு. தை மாதத்தில் சூரியன் நாள் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே போகும். முன்சுவரில் ஒரு கீற்று வெயில்கூட விழாது. நானோ படம் எடுப்பாக இருக்க வேண்டும் என்று ஆரஞ்சு வெயிலை அள்ளிப் பூசி வைத்திருந்தேன். முன்சுவரை மட்டும் மறுபடி அடித்ததில் பெயின்ட், கூலி என்று மச்சானுக்கு 11,000 ரூபாய் செலவு. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்றிலிருந்து எலிவேஷன் படங்களுக்குக் கலர் வேலை செய்யும் முறையையே மாற்றிக்கொண்டேன். அந்த முறையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் செய்துவிடலாம். இதற்கென்று பணம் கொடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டாம்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். வீட்டை 3டி மாடலாக அமைத்த பிறகு, எங்கே வெளிச்சம் விழும், எங்கே நிழல் விழும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு, போட்டோ எடுத்தது போல ஒரு படம் தரும். அதற்குப் பெயர் ரெண்டர். ரெண்டர் முடிந்த படத்தை இன்னொரு சாஃப்ட்வேரில் திறந்து கலர், ஆகாயம், நிழல் எல்லாம் சரி செய்வதை போஸ்ட் புரொடக்‌ஷன் என்பார்கள். ரெண்டருக்கு நான் ஸ்வீட் ஹோம் 3டி பயன்படுத்துகிறேன். கலர் வேலைக்கு ஜிம்ப். இரண்டும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஜிம்ப்பை 1995ல் அமெரிக்காவின் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கினார்கள். 2025ல் அதன் 3.0 பதிப்பு வந்தது. உங்களிடம் பழைய 2.10 இருந்தாலும் கவலை இல்லை. இங்கே சொல்லும் மெனுக்கள் அதிலும் இருக்கின்றன.

சூரியனை அதன் இடத்தில் வையுங்கள்

ஜிம்ப்பைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். ரெண்டரில் வெயில் தப்பான பக்கத்தில் இருந்தால், பிறகு எந்தக் கலர் வித்தையாலும் அதைச் சரி செய்ய முடியாது.

ஸ்வீட் ஹோம் 3டியில் பிளான் மெனுவில் மாடிஃபை காம்பஸ் என்பதைக் க்ளிக் செய்யுங்கள். வரும் டயலாக் பாக்ஸில் உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை டைப் செய்யுங்கள். அருப்புக்கோட்டை என்றால் வடக்கு 9.5, கிழக்கு 78.1. வடக்குத் திசை பிளானில் எந்தப் பக்கம் என்பதையும் அங்கேயே கொடுக்க வேண்டும். பலரும் இதைத் தொடுவதே இல்லை. தொடாவிட்டால் சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு ஒரு திசையை வடக்கு என்று வைத்துக்கொள்ளும். என் அக்கா வீட்டுக் கதை தொடங்கியது இந்த இடத்தில்தான்.

அடுத்து 3டி வியூ மெனுவில் கிரியேட் போட்டோ. குவாலிட்டி நான்கு படிகளாக இருக்கும். உயர்ந்த இரண்டு படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், தேதியையும் நேரத்தையும் கொடுக்கலாம். அந்தத் தேதியில், அந்த நேரத்தில், உங்கள் ஊரில் சூரியன் நிற்கும் இடத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

எந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது? கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் காலை எட்டரை, ஒன்பது மணி. மேற்குப் பார்த்த வீட்டுக்கு மாலை நான்கு. தெற்கு வாசலுக்கு மார்கழி, தை மாதங்களில் எந்த நேரமும் நன்றாக இருக்கும். அருப்புக்கோட்டையில் டிசம்பர் நண்பகலில்கூட சூரியன் சுமார் 57 டிகிரி உயரத்தில், தெற்கே சாய்ந்துதான் நிற்கும். அதனால் முன்சுவரில் சன்ஷேடின் நிழல் அழகாக விழும். வடக்கு வாசல்தான் சிக்கல். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் இருபது வரை அங்கே நேர் வெயில் கிடையாது. மீதி ஆறு மாதம் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் கொஞ்சம் வரும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயிலும் சற்று வடக்கே சாய்ந்து சுவரை உரசிக்கொண்டு இறங்கும். வடக்கு வாசல் வீட்டுக்கு நான் எப்போதும் இரண்டு ரெண்டர் எடுத்துவிடுகிறேன். ஒன்று ஜூன் மாதம் காலை ஒன்பது மணி, இன்னொன்று ஜனவரி மாதம் காலை பத்து மணி. இரண்டையும் வீட்டுக்காரர் பார்க்க வேண்டும்.

கேமராவை ஆள் கண் உயரத்தில் வையுங்கள். விர்ச்சுவல் விசிட் முறைக்கு மாறினால், மாடிஃபை விர்ச்சுவல் விசிட்டர் என்ற இடத்தில் கண் உயரத்தைக் கொடுக்கலாம். 160 சென்டிமீட்டர் போதும். பறவை பார்ப்பது போல மேலிருந்து எடுத்தால் மொட்டை மாடி தண்ணீர் தொட்டிதான் நன்றாகத் தெரியும். உயர்ந்த குவாலிட்டி ரெண்டர் முடிய நேரமாகும். தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுங்கள். முடிந்ததும் பிஎன்ஜி ஃபைலாக சேவ் செய்துகொள்ளுங்கள்.

லெவல்ஸ்: மங்கலைத் துடைக்கும் துணி

இப்போது ஜிம்ப்பில் அந்தப் படத்தைத் திறங்கள். உடனே ஷிஃப்ட், கன்ட்ரோல் கீக்களுடன் டி கீயை அழுத்துங்கள். படத்துக்கு ஒரு நகல் லேயர் உருவாகும். எல்லா வேலையும் நகலில்தான். அசல் அடியில் பத்திரமாக இருக்கட்டும். கடைசியில் அது நமக்கு மிகவும் தேவைப்படும்.

நேராக ரெண்டரில் இருந்து வந்த படம் பெரும்பாலும் லேசாகச் சாம்பல் பூத்தது போல இருக்கும். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் என்பதைக் க்ளிக் செய்யுங்கள். மலைத்தொடர் போல ஒரு வரைபடம் தோன்றும். இடது ஓரம் கறுப்பு, எண் 0. வலது ஓரம் வெள்ளை, எண் 255. மலை எங்கே உயரமோ, அந்த அளவு வெளிச்சமுள்ள புள்ளிகள் படத்தில் அதிகம் என்று பொருள். மலை இடது ஓரத்தைத் தொடாமல் தள்ளித் தொடங்கினால், படத்தில் உண்மையான கறுப்பே இல்லை. வரைபடத்துக்குக் கீழே மூன்று சிறு முக்கோணங்கள் இருக்கும். இடது முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். கண்ணாடியைத் துடைத்தது போல படம் தெளியும்.

வலது முக்கோணத்தில்தான் எல்லோரும் கை நீளமாக நடந்துகொள்கிறோம். வெள்ளைச் சுவர் பளீரென்று தெரிய வேண்டும் என்று இழுத்துக்கொண்டே போனால், சுவர் 255ஐ முட்டி வெறும் காகிதமாகிவிடும். பட்டி பார்த்த சுவரின் வழவழப்பு, குரூவ் கோடுகள் எல்லாம் காணாமல் போகும். நல்ல வெள்ளை பெயின்ட்கூடத் தன் மேல் விழும் வெளிச்சம் அத்தனையையும் திருப்பித் தருவதில்லை. அதனால் வெயில் பட்ட வெள்ளைச் சுவர் 240 அருகில் நின்றால் போதும் என்பது என் கணக்கு. பார்ப்பது எப்படி? ஓ கீயை அழுத்தினால் கலர் பிக்கர் வரும். ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு சுவரில் க்ளிக் செய்தால், அந்தப் புள்ளியின் எண்கள் ஒரு சிறு விண்டோவில் தெரியும்.

வெயில் மஞ்சள், நிழல் நீலம்

ரெண்டர் படம் ஏன் பொம்மை வீடு போல இருக்கிறது என்று பலருக்கும் தெரியும், ஆனால் காரணம் சொல்லத் தெரியாது. பெரும்பாலும் காரணம் இதுதான்: வெயிலும் நிழலும் ஒரே நிறமாக இருக்கின்றன. நிழல் என்பது வெயிலின் கறுத்த வடிவமாக மட்டும் நின்றுவிடுகிறது.

உண்மையில் நடப்பது வேறு. சூரிய ஒளி காற்றில் வரும்போது அதன் நீலப் பகுதிதான் அதிகமாகச் சிதறுகிறது. அந்தச் சிதறிய நீலம்தான் ஆகாயம். வெயில் படும் சுவருக்கு நீலம் கொஞ்சம் குறைந்த நேர் ஒளி கிடைக்கிறது, அதனால் இளமஞ்சளாகத் தெரிகிறது. நிழலில் இருக்கும் சுவருக்கு நேர் ஒளி இல்லை. ஆகாயத்தில் இருந்து வரும் நீல ஒளிதான் பெரும்பங்கு. தெருவில் நிற்கும் ஒரு வெள்ளைக் காரின் நிழல் பக்கத்தை உற்றுப் பாருங்கள், நீலம் தெரியும். இத்தனை நாள் பார்த்தும் கவனித்திருக்க மாட்டோம், ஏனென்றால் நம் மூளை அதை வெள்ளை என்றே திருத்திச் சொல்லிவிடுகிறது.

இதைப் படத்தில் கொண்டுவர, கலர்ஸ் மெனுவில் கலர் பேலன்ஸ். மேலே ஷேடோஸ், மிட்டோன்ஸ், ஹைலைட்ஸ் என்று மூன்று இருக்கும். ஹைலைட்ஸைத் தேர்ந்தெடுத்து, சயான்–ரெட் ஸ்லைடரை 5 அளவுக்குச் சிவப்புப் பக்கமும், யெல்லோ–புளூ ஸ்லைடரை 10 அளவுக்கு மஞ்சள் பக்கமும் நகர்த்துங்கள். பிறகு ஷேடோஸைத் தேர்ந்தெடுத்து, இதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள்: சயான் பக்கம் 5, நீலப் பக்கம் 10. நடுவில் உள்ள மெஜென்டா–க்ரீன் ஸ்லைடரைத் தொட வேண்டாம். ப்ரிசர்வ் லுமினாசிட்டி என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும், வெளிச்ச அளவு மாறாது. ப்ரிவ்யூ டிக்கை எடுத்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். மாற்றம் சிறியதுதான், ஆனால் வீடு திடீரென்று வெளியே வந்து நின்றது போல இருக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. ஜிம்ப்புக்கு நிழல் எது என்று தெரியாது. இருண்ட புள்ளி எது என்றுதான் தெரியும். வெயிலில் இருக்கும் தேக்கு மரக் கதவும் இருண்டதுதானே, அதற்கும் நீலம் பூசிவிடும். அப்போது லேயர் மெனுவில் மாஸ்க், அதில் ஆட் லேயர் மாஸ்க்ஸ் என்று போய், வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுத்து ஆட் பட்டனைத் தட்டுங்கள். பிறகு கறுப்பு நிற பிரஷால் கதவின் மேல் தடவினால், அந்த இடத்தில் மட்டும் மேல் லேயர் மறைந்து அடியில் உள்ள அசல் தெரியும். அசலிலோ லெவல்ஸ் திருத்தம் இல்லை, கதவு கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம். அதைத் தவிர்க்க, லெவல்ஸ் முடிந்ததும் இன்னொரு நகல் லேயர் எடுத்துக்கொண்டு அதில் கலர் பேலன்ஸ் செய்வது நல்லது. கையால் செய்யும் இந்த வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும். செய்யுங்கள்.

புல்தரையைப் பற்றி ஒரு வரி. ரெண்டரில் வரும் புல் கிரிக்கெட் மைதான விளம்பரம் போல இருக்கும். கலர்ஸ் மெனுவில் ஹ்யூ–சாச்சுரேஷன் போய், பச்சைக்கான ஜி பட்டனைத் தட்டி, சாச்சுரேஷனை 30 அளவு குறையுங்கள். நம் ஊர் புல் அதற்கும் கீழேதான்.

ஆகாயம் மாற்றுவது

இன்டர்நெட்டில் தேடி எடுத்த ஆகாயத்தை ஒட்டாதீர்கள். உங்கள் மொட்டை மாடிக்குப் போய், ரெண்டரில் கொடுத்த அதே நேரத்தில், வீடு இருக்கும் திசையையே பார்த்து, மொபைலில் பத்து படம் எடுத்து வையுங்கள். உங்கள் ஊர் மேகம், உங்கள் ஊர் வெளிச்சம். அனுமதி கேட்க வேண்டிய தொல்லையும் இல்லை.

நகல் லேயரில் நின்றுகொண்டு லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி, ஆட் ஆல்ஃபா சேனல் என்பதைக் க்ளிக் செய்யுங்கள். யூ கீயை அழுத்தி ஃபஸி செலக்ட் டூலை எடுத்து ஆகாயத்தில் க்ளிக் செய்யுங்கள். மரத்தின் இலை இடுக்குகளில் துண்டு துண்டாகத் தெரியும் ஆகாயத்துக்கு செலக்ட் பை கலர் டூல் வசதி. செலக்ட் மெனுவில் க்ரோ என்று போய் 1 பிக்சல் கொடுங்கள். இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரைச் சுற்றி நீலச் சரிகை போல ஒரு கோடு மிஞ்சும். டெலிட் கீயை அழுத்தினால் ஆகாயம் போய்விடும். அடியில் அசல் லேயர் தெரிவதால் மாறாதது போல இருக்கும், பயப்பட வேண்டாம். ஃபைல் மெனுவில் ஓபன் ஆஸ் லேயர்ஸ் மூலம் மொட்டை மாடிப் படத்தைக் கொண்டுவந்து, லேயர்ஸ் பட்டியலில் நகலுக்கும் அசலுக்கும் நடுவில் இழுத்து வையுங்கள். இரண்டாவது நகல் எடுத்திருந்தால் அதிலும் முதல் நகலிலும் ஆகாயத்தை நீக்க வேண்டும்.

ஒட்டிய பிறகு மூன்றைப் பாருங்கள். சுவரில் நிழல் இடமிருந்து வலமாக விழுந்தால், ஆகாயத்தில் வெளிச்சமான பக்கம் இடதுபுறம் இருக்க வேண்டும். எதிராக இருந்தால் ஆகாயத்தைத் திருப்பிப் போடுங்கள். இரண்டாவது, தெளிந்த ஆகாயம் உச்சியில் கரு நீலமாகவும், கீழே வர வர வெளுத்தும் இருக்கும். மூன்றாவது, மழை மேகம் சூழ்ந்த ஆகாயத்துக்குக் கீழே கத்தியால் வெட்டியது போன்ற நிழல் இருக்க முடியாது. ஆகாயம் வீட்டைவிட எடுப்பாகத் தெரிந்தால் லேயரின் ஒபாசிட்டியைக் குறைத்து, வெளிறிய ஒரு நீல லேயரை அதற்கு அடியில் வைத்துவிடுவேன். வீட்டுக்காரர் மேகத்துக்குப் பணம் கொடுக்கப் போவதில்லை.

ஜன்னல், சன்ஷேடு, தூரம்

பகலில் வெளியே இருந்து பார்த்தால் ஜன்னல் கண்ணாடி இருட்டாகத்தான் இருக்கும், அதன் மேல் எதிரில் இருப்பது பிரதிபலிக்கும். மாடி ஜன்னலை நாம் அண்ணாந்து பார்ப்பதால் அதில் ஆகாயம் தெரியும். கீழ்த்தள ஜன்னலில் எதிர் வீடும் மரமும் காம்பவுண்டு சுவரும்தான் தெரியும். இரண்டுக்கும் ஒரே வெளிர் நீலம் பூசினால் உடனே பொய் தெரிந்துவிடும். மாடிக் கண்ணாடியைச் செலக்ட் செய்து, புது லேயரில் மேலிருந்து கீழாக வெளிர் நீலம் மறைந்து போகும் கிரேடியன்ட் ஒன்றைப் போட்டு, ஒபாசிட்டியை 25 ஆக்கினால் போதும்.

சன்ஷேடுக்கு அடியில், போர்டிகோ கூரையும் சுவரும் சேரும் மூலையில், தூண் தரையைத் தொடும் இடத்தில் வெளிச்சம் புக வழி குறைவு. அங்கே ரெண்டர் சில சமயம் போதிய இருட்டைத் தருவதில்லை, வீடு தரையில் நிற்காமல் மிதப்பது போல இருக்கும். புது லேயர் ஒன்று போட்டு, அதன் மோடை மல்டிப்ளை என்று மாற்றுங்கள். ஓரம் மெத்தென்ற பெரிய பிரஷ், ஒபாசிட்டி 15, கரு நீலச் சாம்பல் நிறம். அந்த மூலைகளில் மட்டும் மெதுவாகத் தடவுங்கள். கறுப்பு நிறத்தை எடுக்காதீர்கள், அடுப்புக் கரி பிடித்தது போலாகிவிடும்.

வீட்டுக்குப் பின்னால் தெரியும் மரங்கள், அடுத்த தெரு மாடிகள் எல்லாம் வீட்டைவிட வெளிறியும் நீலம் பாரித்தும் இருக்க வேண்டும். இடையில் உள்ள காற்றும் தூசியும் செய்யும் வேலை அது. கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு முன்பே ஓவியர்கள் இதைக் கையில் எடுத்துவிட்டார்கள். நியூயார்க்கில் ஹியூ ஃபெரிஸ் (1889–1962) என்று ஒருவர் இருந்தார். கட்டடக் கலை படித்தவர், ஆனால் மற்றவர்கள் வடிவமைத்த கட்டடங்களைப் படம் வரைந்து கொடுப்பதே தொழில். கரித்துண்டால் வரைவார். வானளாவிய கட்டடங்களின் அடியைப் பனிமூட்டத்தில் கரைத்து, உச்சியை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்திவிடுவார். 1929ல் வெளியான அவருடைய 'தி மெட்ரோபாலிஸ் ஆஃப் டுமாரோ' என்ற புத்தகத்தைப் பார்த்தால், போஸ்ட் புரொடக்‌ஷன் என்பது ஒன்றும் புதிதல்ல என்பது புரியும்.

மரமும் மனிதர்களும் ஒட்டுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஒட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு விதி: கேமரா கண் உயரத்தில் இருந்தால், சமதரையில் நிற்கும் பெரியவர்கள் எல்லோருடைய கண்ணும், பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், ஏறக்குறைய ஒரே கிடைக்கோட்டில் வரும். தலை மேலும் கீழுமாக இருந்தால் ஆட்கள் பள்ளத்தில் நிற்பது போலத் தெரியும். வாசலுக்கு முன்னால் இருக்கும் ஈ.பி. கம்பத்தை நான் அழிப்பதில்லை. அது நாளைக்கும் அங்கேதான் நிற்கப் போகிறது.

சுவர் நிறத்தைத் திரும்ப அளந்து பாருங்கள்

இப்போது படம் அழகாகிவிட்டது. 11,000 ரூபாய் போன இடமும் இதுதான்.

கலர் பிக்கரை எடுங்கள். அடியில் பத்திரமாக வைத்த அசல் லேயரை மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு (மற்ற லேயர்களின் கண் படத்தைத் தட்டினால் அவை மறையும்) முன்சுவரில் மூன்று இடங்களை அளந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வெயில் பட்ட இடம், நிழல் விழுந்த இடம், சன்ஷேடுக்கு அடி. சிறு விண்டோவில் ஹெச்எஸ்வி என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், ஹெச் என்பது நிறத்தின் குணம், எஸ் என்பது அடர்த்தி, வி என்பது வெளிச்சம். பிறகு எல்லா லேயர்களையும் திறந்து, அதே மூன்று இடங்களை மறுபடி அளந்து பாருங்கள்.

வெளிச்ச எண் மாறுவது இயல்பு, அதற்காகத்தானே இவ்வளவு நேரம் உழைத்தோம். ஆனால் வெயில் பட்ட இடத்தில் ஹெச் எண் 5க்கு மேல் நகர்ந்திருந்தாலோ, எஸ் எண் 10க்கு மேல் ஏறியிருந்தாலோ, நான் கலர் பேலன்ஸைக் குறைத்துவிடுவேன். இந்த எண்கள் எங்கும் எழுதி வைத்த சட்டம் அல்ல, அடிபட்டு வந்த பழக்கம். அக்கா வீட்டுப் பழைய ஃபைலை இப்படி அளந்து பார்த்தபோது எஸ் எண் இருபதுக்கும் மேலே ஏறியிருந்தது. அதாவது அவள் தேர்ந்தெடுத்தது ஷேடு கார்டில் இருந்த நிறத்தையே அல்ல. நான் ஏற்றிய வெயிலை.

மறுபடி அடிக்கும் முன் ஜனவரி ரெண்டர் ஒன்று எடுத்து, எந்த ஆரஞ்சும் ஏற்றாமல் காட்டினேன். நீல நிழலில் பச்சையடிக்காமல் இருக்க, மஞ்சளைவிடக் கொஞ்சம் செம்மை கலந்த ஒரு க்ரீம் நிறத்தை மூவருமாகத் தேர்ந்தெடுத்தோம். அப்போதும் படத்தை நம்பவில்லை. சிறு சதுர ஷேடு கார்டில் மென்மையாகத் தெரியும் நிறம், பெரிய சுவரில் அடர்த்தியாகத் தெரியும். பெயின்டரை மூன்றடிக்கு மூன்றடி இரண்டு இடங்களில் சாம்பிள் அடிக்கச் சொல்லி, காலை, மதியம், மாலை என்று இரண்டு நாள் பார்த்தோம். அக்கா சுவரைப் பார்த்துத்தான் சரி என்றாள், என் மானிட்டரைப் பார்த்து அல்ல.

அனுப்புவதற்கு முன்

விண்டோஸில் நைட் லைட் என்ற வசதி மாலையானதும் ஸ்கிரீனை மஞ்சளாக்கும். கண்ணுக்கு இதம்தான், ஆனால் கலர் வேலை செய்யும்போது அதை அணைத்து விடுங்கள். மொபைலிலும் இதே போன்ற வசதி இருக்கிறது, படத்தைப் பார்ப்பவரையும் அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கலர் ப்ரொஃபைல் கேட்கும் இடங்களில் எஸ்ஆர்ஜிபி என்றே விட்டுவிடுங்கள். 1996ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்த அளவுமுறை அது. பெரும்பாலான ஸ்கிரீன்கள் அதையே ஆதாரமாகக் கொண்டிருக்கின்றன.

ஃபைல் மெனுவில் சேவ் கொடுத்தால் லேயர்களோடு எக்ஸ்சிஎஃப் ஃபைலாகப் பதிவாகும். இதை அழித்துவிடாதீர்கள், நாளைக்கு ஒரு திருத்தம் கேட்பார்கள். அனுப்புவதற்கு எக்ஸ்போர்ட் ஆஸ் போய் ஜேபெக், குவாலிட்டி 90. வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், அதனால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பிரின்ட் எடுத்தால் அடர் நீலமும் பளிச்சென்ற பச்சையும் கொஞ்சம் மங்கித்தான் வரும். பெரிய தாளில் போடும் முன் சிறு தாளில் ஒரு பிரின்ட் எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, டி கீயை அழுத்தி டெக்ஸ்ட் டூலை எடுத்து, படத்தின் கீழ் ஓரத்தில் மூன்று விஷயங்களை டைப் செய்யுங்கள்: பெயின்டின் ஷேடு எண், ரெண்டருக்குக் கொடுத்த தேதி, நேரம். சைட்டில் மேஸ்திரி அறைச் சுவரில் ஒட்டும் பிரின்ட்டிலும் அது இருக்க வேண்டும், பெயின்டர் படத்தைப் பார்த்துக் கலக்காமல் எண்ணைப் பார்த்து வாங்குவார். அக்கா வீட்டு ஹாலில் அந்தப் படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் 'ஜனவரி 20, காலை 10 மணி' என்று இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் அது என்ன விசேஷ நாள் என்று மச்சானைக் கேட்கிறார்களாம்.